ஒரு தபாதான் சொல்வேன்

எதிர் வீட்டு அம்மாவை எனக்குப் பிடிக்காது. அவர் எங்களுக்குச் செய்தது என்னவென்று தெரிந்த பிறகும் பிடிக்கவில்லை. அவர் தெருவை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது, இன்னும் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதையின் பாதியில் நான் அழுது திருந்திவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீடு அயனம்பாக்கத்தில், ஏரிக்கு இந்தப் பக்கம், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய தெருவில் இருக்கிறது. அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அந்த அம்மாவின் மாமனார் பயிர் வைத்த நிலம். மனை போட்டு விற்றார்கள். அதில் ஒன்றை நாங்கள் கடன் போட்டு வாங்கினோம். அந்த அம்மா மட்டும் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுச் சின்னதாக ஒரு தளம் போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். கணவர் இறந்து பல வருஷம். மகன் ஓசூரில். அம்பத்தூர் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, உயரமாக, காட்டன் புடவையின் தோளில் பின் குத்தி, வலது காதுக்கு மேல் ஒரு கையகலம் முடி இல்லாமல் இருப்பார். ஹெட்செட் தேய்த்துத் தேய்த்து அப்படி ஆனது என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

அவர் யாரையும் நம்பமாட்டார். அதுதான் அவர். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை. அவர் வீட்டு கேட் பகலிலும் பூட்டியிருக்கும். யார் கூப்பிட்டாலும் உள்ளேயிருந்து, "யாரு? இன்னா வேணும்?" என்று ஒரே குரல். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வெளியே நின்று ரசீது எண்ணைச் சொன்ன பிறகுதான் சாவி வெளியே வரும். கூரியர் கவரின் மேல் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டை உரித்து, ஒரு பழைய பெயின்ட் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, எழுத்து கரைந்து போனதும்தான் குப்பையில் போடுவார். சொந்தத் தம்பி மகன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தபோது, தம்பிக்குப் போன் போட்டு "உன் புள்ளைய நீதான் அனுப்பினியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேட்டைத் திறந்தார். அந்தப் பையன்தான் கல்யாண மாப்பிள்ளை. உச்சி வெயிலில் பட்டுவேட்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

கிரகப்பிரவேசத்தன்று நான் இனிப்புத் தட்டோடு போனேன். கேட் கம்பிகளுக்கு நடுவில் கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கழுவித் துடைத்த தட்டோடு வந்தார். வாழ்த்துச் சொல்வார் என்று நின்றேன். கொத்தனார், ஆசாரி, பெயின்டர் எல்லாரிடமும் வாசல் சாவி இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். பூட்டை மாற்றிவிடு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நல்ல நாளில் இப்படியா பேசுவது என்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் பொரிந்தேன். பூட்டை மாற்றவில்லை.

நான் வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் மத்தியானம் கல்லூரி எதிரிலிருக்கும் ஏடிஎம்மில் வரிசை. எங்கள் கணக்கு அலுவலர் முன்னால் நிற்கிறார், அவர் பின்னால் நான். உள்ளே இந்த அம்மா. திடீரென்று கதவைத் திறந்து வெளியே வந்து, கணக்கு அலுவலரைப் பார்த்து, கண்ணாடிக் கதவிலிருந்து தள்ளி ரோட்டோரம் போய் நிற்கச் சொன்னார். அவர் நாகரிகமான மனிதர். "நான் பார்க்கலையேம்மா" என்றார். "பாக்கலன்னா அங்க நின்னாலும் ஒண்ணுதானே?" என்றார் அந்த அம்மா. அவர் நகரும்வரை உள்ளே போகவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தார். தெரிந்த முகம் என்று ஒரு தலையசைப்புகூட இல்லை. உங்கள் தெருவா என்று கணக்கு அலுவலர் கேட்டபோது, இல்லை என்று பொய் சொன்னேன்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன்.

என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. மகள் யாழினி அப்போது நாலாம் வகுப்பு. ஸ்கூல் வேன் மூன்றரைக்கு இறக்கிவிடும். நான் வீடு சேர ஐந்தரை, மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட ரோட்டில் மாட்டிக்கொண்டால் ஆறு. அந்த இரண்டு மணி நேரம் பிள்ளை தனியாக இருப்பாள். அடுத்த தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடிய பிறகு எங்களுக்குப் பயம் வந்தது. பூந்தமல்லியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கடையில் சொல்லி இரண்டு கேமரா வைத்தோம். ஒன்று வாசல் தூணில், தெருவைப் பார்த்து. இன்னொன்று ஹாலில் ஜன்னலை ஒட்டின ஷெல்ஃபின் மேல். உருண்டையாக, தலையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி. அதன் வழியாகப் பேசலாம், கேட்கலாம். ஆபீசில் உட்கார்ந்துகொண்டே, "யாழினி, பால் குடிச்சியா?" என்று கேட்பேன். ஷெல்ஃபைப் பார்த்துத் தலையாட்டுவாள்.

மாட்ட வந்த கடைக்காரர் ஏணி மேல் நின்றபடி, கீழே போனை வைத்துக்கொண்டு நின்ற என் கணவரிடம் பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொன்னார். கடைப் பெயர், அப்புறம் ஒன், டூ, த்ரீ. என் கணவர் சரியாகக் கேட்கவில்லை என்றதும் இன்னும் சத்தமாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். மறக்காமல் இருக்க எல்லா வீட்டுக்கும் இதையேதான் போடுவதாகவும், வேண்டுமானால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எதிர் கேட் திறந்தது. அந்த அம்மா தானாக கேட்டைத் திறந்துகொண்டு வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சாவிய நடுத்தெருவுல எறிஞ்சிட்டுப் போறான் அந்தாளு. இன்னிக்கே மாத்திடு. ஒரு தபாதான் சொல்வேன்."

என் கணவர் சிரித்தார். எங்க வீட்ல எட்டிப் பாக்கிறதுக்கு என்னம்மா இருக்கு என்றார். கேட் கம்பியில் கால் வைத்து ஆடிக்கொண்டிருந்த யாழினியை அந்த அம்மா ஒரு நொடி பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

அந்த வாரமே சண்டை ஆரம்பித்தது. வாசல் கேமராவில் அவருடைய கேட்டும் தெரிகிறது, அதைத் திருப்பு என்றார். தெரு தெரிந்தால்தான் கேமராவுக்கு அர்த்தம் என்றார் என் கணவர். தெரு குடியிருப்போர் சங்கத் தலைவர் எங்கள் வாசலில் வைத்துப் பஞ்சாயத்துப் பேசினார். உங்க வீட்டை நாங்க ஏன் பார்க்கப் போறோம், எங்களுக்கு வேற வேலை இல்லையா என்றேன்.

"நீ பாக்க மாட்டே. சரி. உன் போனு வழியா பாக்கறவன் எல்லாம் நீதானா?" என்றார். பிறகு சங்கத் தலைவரைப் பார்த்துச் சொன்னார். "நான் முப்பது வருசம் அடுத்தவன் பேசறத கேக்கற சீட்ல குந்திகினு இருந்தவ. போர்டுல ஒரு பின்ன சொருவினா போதும், புருசன் பொண்டாட்டி பேசறது காதுல வுழும். கேக்கக்கூடாதுன்னு நானா இருந்தேன். அவ்ளோதான். நடுவுல வேற பூட்டு கெடையாது."

அன்றைக்கு அது எனக்குப் பெருமை அடித்துக்கொள்வது மாதிரி இருந்தது. சங்கத் தலைவர் எங்கள் பக்கம் பேசினார். மறுநாள் அந்த அம்மாவின் கேட் முழுவதையும் மூடி நீலத் தார்ப்பாய் தொங்கியது. தெருவிலேயே அசிங்கமான கேட் அதுதான். தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அதைப் படம் எடுத்துப் போட்டு, உள்ளே என்ன புதையலோ என்று எழுதினார். நான் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டேன். யாழினியிடம், அந்த ஆண்டி வந்து கூப்பிட்டால் கதவைத் திறக்கக்கூடாது என்று தனியாகச் சொல்லி வைத்தேன். யாருக்குமே திறக்கக்கூடாது, அந்த ஆண்டிக்கு முக்கியமாக.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஸ்கூட்டரை உள்ளே தள்ளும்போது, தார்ப்பாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு அந்த அம்மா கேட்டார்.

"மத்தியானத்துல உங்க ஊட்ல ஆம்பள யாரு கீறாங்க?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கணவர் ஷிப்டில் இருக்கிற நேரம். நானும் வீட்டில் இல்லாத நேரம். இவர் என்ன சொல்ல வருகிறார்? கேமராவைத் திருப்பச் சொன்னவர், எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கிறாரா? "அது உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டேன். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற குரலில்தான் கேட்டேன். அவர் தார்ப்பாயை விட்டுவிட்டார். இரண்டாவது தடவை கேட்டிருந்தால் நான் ஒருவேளை யோசித்திருப்பேன். அவர் எதையும் இரண்டாவது தடவை கேட்பவர் இல்லை. அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு.

வியாழக்கிழமை நாலு மணிக்கு யாழினியிடமிருந்து போன். வீட்டில் அவளுக்காக ஒரு பழைய போன் வைத்திருந்தோம். அழுகையில் பாதி புரியவில்லை. எதிர் வீட்டு ஆண்டி கேட்டுக்குள்ளே வந்துவிட்டார், கரண்ட்டைப் பிடுங்கிவிட்டார், ஜன்னல் வழியாகக் கம்பு விட்டுக் கேமராவை உடைத்துவிட்டார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்ததில் வழி எதுவும் ஞாபகம் இல்லை.

அந்த அம்மா எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார், கையில் ஒட்டடைக் கம்போடு. உள்ளே யாழினி கதவைப் பூட்டிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள். ஹால் தரையில் கேமரா இரண்டாகக் கிடந்தது. கரண்ட்டை நிறுத்தியும் இன்வர்ட்டரில் அது ஓடிக்கொண்டே இருந்ததால் கம்பால் தள்ளியிருக்கிறார். தெருவே கூடிவிட்டது. நான் என்னென்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். கத்தி முடிக்கும்வரை இருந்துவிட்டு அவர் சொன்னார்.

"ஒரு ஆம்பள கொரலு. அந்தப் பொட்டியிலேர்ந்து உன் பொண்ணாண்ட பேசிகினு இருந்தான். அம்மா எத்தினி மணிக்கு வரும், அப்பா நைட் ஷிப்ட்டா, பீரோ சாவி எங்க கீதுன்னு. கதவத் தொறன்னேன். உன் பொண்ணு தொறக்கல. வேற வழி தெரில எனக்கு."

நான் மகளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, யாராவது பேசினார்களா என்று கேட்டேன். அவள் காலி ஷெல்ஃபைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

அது போதுமாக இருந்தது. ஹால் கேமராவில் பதிவு வசதி கிடையாது, அதனால் என் கணவர் வாசல் கேமராப் பதிவை எடுத்தார். மெலிந்த ஒரு பெண், கையில் நீளக் கம்போடு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எங்கள் கேட்டைத் திறக்கிறார். கேமராவுக்குக் கீழே புகுந்து ஜன்னல் பக்கம் போகிறார். பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அத்துமீறி நுழைந்தார், பொருளை உடைத்தார், தனியாக இருந்த குழந்தையைப் பயமுறுத்தினார் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம்.

ஸ்டேஷனில் அவர் தனியாகத்தான் வந்தார். பெண் எஸ்.ஐ. ஒருவர் விசாரித்தார். வாசல்படியில் சொன்னதையே அங்கேயும் சொன்னார். எழுதிக்கொள்ள ஏட்டு தாள் எடுத்து வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். இன்னொருதரம் சொல்லுங்கம்மா என்றார் எஸ்.ஐ. "ஒரு தபா சொல்லிட்டேன். எழுதாதது உங்க தப்பு" என்றார். அதோடு எஸ்.ஐ.யின் முகம் மாறிவிட்டது. இனிமேல் எங்கள் வீட்டு எல்லைக்குள் கால் வைக்கமாட்டேன், குழந்தையிடம் பேசமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி அவர்முன் வைத்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறும்போது நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனிப்பாகவே இருந்தது.

சனிக்கிழமை என் கணவரே புதுக் கேமரா வாங்கிவந்து மாட்டினார். அதே ஆப். அதே பாஸ்வேர்டு. பழகிப்போன ஒன்று என்பதால் மாற்றவில்லை.

அடுத்த புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். லீவு போட்டுவிட்டு உள்ளறையில் ஃபேன் போட்டுப் படுத்திருந்தேன். மூன்றரைக்கு யாழினி வந்தது தெரியும். ஷூவைக் கழற்றினாள், ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மாத்திரை மயக்கத்தில் கண்ணை மூடியிருந்தேன். ஹாலில் பேச்சுக் குரல் கேட்டது. என் கணவர்தான் கேமராவில் பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன்.

"யாழினி, அந்தக் கெழவி திரும்ப வந்துச்சாடா கண்ணு?"

"இல்ல அங்கிள். இனிமே வரக்கூடாதுன்னு போலீஸ் சொல்லிட்டாங்க."

"அப்பாடா. நல்லதாப் போச்சு. அப்பா இந்த வாரம் எந்த ஷிப்ட்டு?"

நான் எழுந்து நடந்தேனா, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேனா தெரியாது. ஹால் வாசலில் போய் நின்றேன். குரல் நின்றது. ஷெல்ஃபின் மேல் அந்த உருண்டை, சின்னதாக ஒரு மோட்டார் சத்தத்தோடு, யாழினியிடமிருந்து மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. சேலைத் தலைப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒயரைப் பிடுங்கினேன். வைஃபை பெட்டியையும் பிடுங்கினேன். கணவருக்குப் போன் செய்து, இப்போது நீங்கள் கேமரா பார்த்தீர்களா என்று கேட்டேன். இவ்வளவு நேரம் மெஷினில் நின்றேன், போன் லாக்கரில் இருந்தது, இப்போதுதான் எடுத்தேன் என்றார்.

யாழினி அன்றைக்குச் சொன்னாள். அந்த அங்கிள் அப்பா ஆபீசாம். அப்பா பிறந்தநாளைக்கு சர்ப்ரைஸ் ஏற்பாடு செய்கிறாராம். அதனால் அம்மா அப்பா யாரிடமும் சொல்லக்கூடாதாம். என் கணவரின் பிறந்தநாள் அடுத்த மாதம். அதை நாங்கள் ஹாலில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். பீரோ சாவி சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருப்பதை அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள்.

சைபர் புகார் கொடுத்தோம். அங்கிருந்த அதிகாரி, யாரும் எதையும் உடைத்து உள்ளே வரவில்லை, சரியான பாஸ்வேர்டைப் போட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்றார். தேடிப் பிடித்த போன் நம்பர் ஒன்று, விவரம் எதுவும் தெரியாத ஒரு முதியவர் பெயரில் இருந்தது. அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. யார் அந்த ஆள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஏணி மேலிருந்து கத்தியதைக் கேட்டவனாக இருக்கலாம். அதே கடையில் கேமரா வாங்கிய, அதே பாஸ்வேர்டு வைத்திருந்த எவனாகவும் இருக்கலாம். கடைக்காரரிடம் போனால், மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேனே சார் என்றார். சொன்னார்தான்.

என் கணவர் அன்றைக்கு வீட்டுப் பூட்டை மாற்றினார். பீரோ பூட்டையும் மாற்றினார். ஹால் கேமராவைக் கழற்றிவிட்டார். வாசல் கேமராவைக் கீழே இறக்கி, எங்கள் கேட் மட்டும் தெரிகிற மாதிரி திருப்பினார். நீளமான புதுப் பாஸ்வேர்டு போட்டார். எங்கள் போனுக்கு வருகிற எண்ணைப் போட்டால்தான் திறக்கிற மாதிரி செய்தார். எல்லாம் சேர்த்து அரை நாள் வேலைதான். செய்து முடித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

நான் எதிர் வீட்டுக்குப் போனேன். தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து அதே குரல்: யாரு, இன்னா வேணும். நான் யார் என்று சொன்னேன். தார்ப்பாய் விலகவில்லை. துணியைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். குரல் கேட்டதை, அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்பதை. மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"மாத்திட்டியா?" என்றார்.

மாற்றிவிட்டோம் என்றேன். என்ன மாற்றினோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் எதையாவது கொடுக்க வேண்டும் போல் இருந்தது.

"என்னாண்ட சொல்லாதே. போ."

புகாரைத் திரும்பப் பெற ஸ்டேஷனுக்குப் போனோம். அவரும் வரவேண்டியிருந்தது. என் கணவர் எழுந்து நின்று, தப்பு எங்கள் மேல்தான் என்றார். எஸ்.ஐ., சரி விடுங்கம்மா, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் என்று ஆரம்பித்தார். அந்த அம்மா என்னைக் கைகாட்டினார்.

"அந்தப் பொண்ண எய்தித் தரச் சொல்லுங்க. நான் கையெய்த்து போட்டேன் இல்ல?"

ஏட்டு ஒரு தாள் கொடுத்தார். இவர் சொன்னது உண்மை, இவரைப் பொய் சொல்பவர் என்று தெருவில் வைத்துச் சொன்னது நான், இவர் கேட்டபோது பதில் சொல்லாமல் கத்தியதும் நான் என்று என் கையால் எழுதினேன். கல்லூரி ஆபீசில் தினமும் எழுதுகிற கைதான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு இடத்தில் "குரல்" என்பதற்கு வல்லின "ற" போட்டிருந்தேன். அதைத் திருத்தச் சொன்னார். திருத்தினேன். தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போனார். நன்றி பொங்கிக்கொண்டு வந்த எனக்கு, அந்த ஒரு எழுத்தில் மறுபடியும் பழைய எரிச்சல் வந்துவிட்டது.

அதன் பிறகும் இரண்டு வருஷம் எதிரெதிரேதான் இருந்தோம். பொங்கலுக்கு நான் கொடுத்ததை வாங்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் நான் சிரிப்பேன், அவர் நடப்பார். தெரு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை முழுசாக எழுதிப் போட்டேன். எல்லாரும் கைகூப்புகிற பொம்மை போட்டார்கள். அவர் அந்தக் குழுவிலேயே இல்லை. ஒருநாள் லாரி வந்து நின்றது. ஆவடியில் இருக்கும் அக்காவோடு போய் இருக்கப் போவதாக லாரிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. நான் கேட்டில் நின்றேன். பீரோவை ஏற்றியவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

யாழினி இப்போது பத்தாவது. போனவாரம் ஏதோ பேச்சில், எதிர் வீட்டு ஆண்டியை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் தெரிந்த வயது, அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கணக்கு நோட்டிலிருந்து நிமிர்ந்து கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்கு அவங்கள நெனச்சா இப்பவும் பயமாத்தான்மா இருக்கு. எப்படிக் கத்தினாங்க அன்னைக்கு. அந்த அங்கிள் ஒருநாள்கூடக் கத்தினதில்ல."

அந்தக் குரலை நானும்தான் கேட்டிருக்கிறேன். நல்ல குரல். பிள்ளை பதில் சொல்லி முடிக்கிறவரை பொறுமையாகக் காத்திருக்கிற குரல்.